என் மகள் நொட்டாங்கைக்காரி அல்ல

மொட்டை மாடியில் துணி காயப்போட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தேன். கூடத்தில் பாய் விரித்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, என் மகள் வள்ளியை உட்கார வைத்திருந்தார்கள். அவள் முன்னால் ஒரு எவர்சில்வர் தட்டு. தட்டில் ஒரு பிஸ்கட். அவள் அழுதுகொண்டிருந்தாள். பசிக்கு அழுகிற அழுகை எனக்குத் தெரியும், தூக்கத்துக்கு அழுவதும் தெரியும். இது இரண்டும் இல்லை.

கிட்டே போன பிறகுதான் பார்த்தேன். பழைய வேட்டியைக் கிழித்து, அந்தத் துணியால் அவளுடைய இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது.

பக்கத்தில் என் மாமியார் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் ஓடி வந்ததைப் பார்த்தும் அவர் பதறவில்லை. “சோத்தாங்கையால எடுக்கட்டும். எடுத்தா நானே அவுத்துவிடுதேன்” என்றார்.

வள்ளியின் வலது கை அவள் தொடைமேல் கிடந்தது. கட்டைவிரலை உள்ளே வைத்து இறுக்கி மூடிய கை. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படி ஒரு கை தனக்கு இருப்பதே அவளுக்குத் தெரியாததுபோல, உடம்பை வளைத்துக் குனிந்து வாயைத் தட்டுக்குக் கொண்டுபோனாள். அப்படியே முகம் குப்புறத் தட்டில் விழுந்தாள்.

முடிச்சை என்னால் அவிழ்க்க முடியவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தேன். மணிக்கட்டைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வளையம். எட்டு மாதக் குழந்தை.

இந்தத் தொடரில் இதுவரை எங்கள் கடையைப் பற்றியும், கடைக்கு வரும் மனிதர்களைப் பற்றியும் சிரித்துக்கொண்டே எழுதி வந்தேன். இந்த வாரம் சிரிப்பு வரவில்லை. வள்ளிக்கு இப்போது சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிற வயது. இத்தனை வருஷம் போயும் கோபம் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் நினைத்ததும் இல்லை.

விரலுக்குள் சேர்ந்த பஞ்சு

மாமியாரை மட்டும் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது. அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கடைக்காரக் குடும்பம். பீச் ரோட்டில் படகுகளுக்குக் கயிறு, பெயின்ட், வலை மிதவை விற்கிற கடை. காலையில் முதல் வியாபாரத்தை இடது கையால் தொட்டால் அன்றைக்கு முழுவதும் மாமனார் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அப்படிப்பட்ட வீட்டில் முதல் பேத்தி எதற்கெடுத்தாலும் இடது கையை நீட்டினாள்.

“ஏளா கனி, ஒரு வயசுக்குள்ள திருப்பிட்டா திரும்பிரும். நாளைக்குப் பந்தியில நொட்டாங்கையால சோறு அள்ளுனா யாருக்கு அசிங்கம்?” என்று மாமியார் கேட்டார். கனி என்பது நான். முழுப்பெயர் ஆறுமுகக்கனி.

எனக்கு உறுத்தியது இடது கை அல்ல, வலது கை.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது ஒவ்வொரு விரலாகப் பிரித்துத் துடைக்க வேண்டும் அல்லவா? இடது உள்ளங்கையைத் துடைக்க வேலையே இல்லை. பூப்போல விரிந்து கிடக்கும். வலது கையைத் திறக்க நான் ஒரு போராட்டமே நடத்த வேண்டும். விரலை நிமிர்த்தினால் அது மறுபடி மடங்கும். உள்ளே போர்வைப் பஞ்சும் வேர்வையும் சேர்ந்து, புளித்த பால் வாடை அடிக்கும். கட்டைவிரலுக்கு அடியில் தோல் வெள்ளையாக ஊறிப்போயிருக்கும்.

பிறந்த குழந்தைகள் எல்லாம் கையை மூடித்தான் வைத்திருக்கும் என்றார்கள். சரி என்று இருந்தேன். அப்புறம் இடது கை திறந்தது. தொட்டில் கயிற்றைப் பிடித்தது, என் தாலிக்கொடியை இழுத்தது, என் கணவருடைய மூக்குக் கண்ணாடியைப் பறித்தது. வலது கை மட்டும் அப்படியே மூடி இருந்தது.

என் அம்மாவிடம் போனில் சொன்னேன். “கை கால் ஆட்டாத பிள்ளை உண்டுமா? பால் குடிக்காளா, சிரிக்காளா? பெறவென்ன?” என்றாள். அடுத்த வீட்டு அக்கா, உங்கள் வீட்டுக்காரருக்குத் தாத்தா முறையில் ஒருவர் இடதுகைக்காரர், அந்த ரத்தம்தான் என்றார். திருச்செந்தூரில் சோறூட்டியபோது சந்நிதிக்கு வெளியே நின்ற அத்தனை சொந்தமும் வள்ளி இடது கையால் தேங்காய்த் துண்டைப் பிடுங்கியதைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரிப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டேன்.

யாரும் அவளுடைய இன்னொரு கையைப் பார்க்கவில்லை.

“முதல் குழந்தையா?”

வள்ளிக்குத் தடுப்பூசி போட ஒரு குழந்தை டாக்டரிடம் போவோம். கூட்டம் அலைமோதும். டோக்கன் வாங்கிக்கொண்டு, மீன் தொட்டிக்கு எதிரே காத்திருக்க வேண்டும். உள்ளே போனால் எடை பார்ப்பார், நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைப்பார், “வெயிட் சூப்பர்” என்பார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

ஒருமுறை நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் சொன்னேன். வலது கையை இவள் விரிக்க மாட்டேன் என்கிறாள், எதையும் அந்தக் கையால் எடுப்பதில்லை, கொஞ்சம் பாருங்கள் என்றேன்.

அவர் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“முதல் குழந்தையா?”

“ஆமா சார்.”

“அதான்” என்றார்.

பிறகு, செல்போனில் எதையாவது பார்த்துவிட்டுப் பயப்படக் கூடாது என்றும், ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரி வளரும் என்றும், ஒரு வயது ஆகட்டும் பார்க்கலாம் என்றும் சொன்னார். குரலில் கடுமை இல்லை. அன்பாகவே சொன்னார். அதனால்தான் எனக்கு எதிர்த்துப் பேச வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு வார்த்தைகள் வந்தன. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு மாதிரிதான், ஒத்துக்கொள்கிறேன். ஒரே குழந்தையின் இரண்டு கைகளும் இரண்டு மாதிரி இருக்கலாமா? அந்தக் கையைத் தொட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அவள் முன்னால் ஒரு பேனாவை நீட்டி, இடது கையை மெதுவாகப் பிடித்துக்கொண்டு, வலது கை வருகிறதா என்று பார்த்திருந்தால் போதுமே.

எடை மட்டும்தான் குழந்தையா? கறிக்கடையில் நிறுத்துப் பார்க்கிறார்கள், அது வேறு.

திரும்பிப் பார்க்காத சம்முவம்

என் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. அதைச் சொல்ல வேண்டும் என்றால் ஏரல் பக்கத்தில் இருக்கும் என் பிறந்த ஊருக்குப் போக வேண்டும்.

ஆற்றுப் பாசனத்து நெல்லு ஊர். எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ஒரு கை மடங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும், ஒரு காலை இழுத்து நடப்பார். நாற்று நடுகிற காலத்தில் வயல்காரர்களுக்கு டீ வாங்கிக் கொடுப்பதுதான் அவர் வேலை. ஊர் அவரை முடக்கன் என்று கூப்பிட்டது. சின்னப் பிள்ளைகள் நாங்கள் முடக்கண்ணன் என்போம். அதையே மரியாதை என்று நினைத்திருந்தோம்.

ஒரு கோயில் கொடைக்கு அவருடைய அக்கா பம்பாயிலிருந்து வந்தார். தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கி, தூரத்தில் டீ வாளியோடு போனவரைப் பார்த்து, “சம்முவம், ஏ சம்முவம்” என்று கூப்பிட்டார். யாரைக் கூப்பிடுகிறார் என்று எங்களுக்குப் புரியவில்லை. நாங்கள் திரும்பாததுகூடப் பரவாயில்லை. அவரும் திரும்பவில்லை. டீ வாளியோடு போய்க்கொண்டே இருந்தார். தன் பெயரே அவருக்கு மறந்துபோயிருந்தது.

சண்முகசுந்தரம் என்று பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அது.

வள்ளியின் மூடிய கையைத் துடைக்கும்போதெல்லாம் அந்த வாளிதான் எனக்கு ஞாபகம் வரும். யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் பெற்ற வாயாலேயே பிள்ளையைச் சபிக்கிறாள் என்பார்கள்.

கயிற்றுச் சுருளின் மேல் இரண்டு பிள்ளைகள்

கை கட்டப்பட்ட அந்த நாளுக்குப் பிறகு வள்ளியை வீட்டில் விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மாமனாருக்குப் பிடிக்கவில்லை. பெயின்ட் வாடை குழந்தைக்கு ஆகாது என்று முணுமுணுத்தார். உள்ளே, கயிறு அடுக்கும் பக்கம் பெயின்ட் வாடை வராது. புது நைலான் கயிற்றின் வாடைதான் இருக்கும்.

திரேஸ்புரத்திலிருந்து கிளாடிஸ் வந்தாள். அவள் கணவர் சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருக்கிறார், கயிறும் மிதவையும் எங்களிடம்தான் வாங்குவார்கள். அவளுக்கும் கைக்குழந்தை, பையன், வள்ளியைவிடச் சில நாள்தான் மூத்தவன். இரண்டு பேரையும் கீழே இருந்த பெரிய கயிற்றுச் சுருளுக்குள் உட்கார வைத்தோம். விழாமல் இருக்க அது நல்ல தொட்டி.

கிளாடிஸ் ஆளுக்கொரு மிதவையைக் கொடுத்தாள். வலையில் கட்டுகிற மஞ்சள் நிற மிதவை. அவள் மகன் அதை இரண்டு கையாலும் பிடித்தான், வாயில் வைத்தான், ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான், தரையில் தட்டினான். வள்ளி இடது கையால் இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மிதவை நழுவியது. மறுபடி இழுத்தாள், மறுபடி நழுவியது. வலது கை பக்கத்திலேயே இருந்தது. உதவிக்கு வரவில்லை.

நானும் கிளாடிஸும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“கனிக்கா, பிள்ளை இந்தக் கையத் தூக்கவே மாட்டேங்குதே” என்றாள் அவள்.

அதைச் சொன்ன முதல் ஆள் அவள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என்னைத் தேற்றவில்லை. பெரியதாழையில் தன் அக்கா மகனுக்கும் இதேபோல் இருந்தது என்றாள். வளர வளரச் சரியாகிவிடும் என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு அக்கா சும்மா இருந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் டீச்சர் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதற்குள் கை இறுகிப்போயிருந்தது. பெரியாஸ்பத்திரியில் இதற்கென்றே, சின்னப் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்ப்பதற்கென்றே தனி இடம் இருக்கிறது என்றாள்.

“அங்கன கொண்டு போங்கக்கா. ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா சந்தோஷமா திரும்பி வாங்க. போறதுல என்ன நட்டம்?”

இவருக்கும் தெரியும்

என் கணவர் முருகேசன் அதிகம் பேச மாட்டார். எதற்கும் பார்ப்போம் என்பார். வள்ளியின் கையைப் பற்றி நான் சொன்னபோதெல்லாம் அவர் சொன்னது அந்த ஒரு வார்த்தைதான். அன்றைக்கு மத்தியானம் கடையிலேயே அவரிடம் சொன்னேன், நாளைக் காலை நான் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறேன், நீங்கள் வந்தாலும் சரி வராவிட்டாலும் சரி என்று. சண்டைக்குத் தயாராகத்தான் நின்றேன்.

அவர் ஒரு கயிற்றின் நுனியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “தெனமும் கடை தொறக்க முந்தி அந்தக் கையத்தான் உருவிவிட்டுக்கிட்டு இருக்கேன். விரிய மாட்டேங்கு.”

எனக்குத் தெரியாமல் தினமும் விளக்கெண்ணெய் தடவி உருவியிருக்கிறார். நான் அடுப்படியில் இருக்கும் நேரத்தில். என்னிடம் சொன்னால் நான் பயந்துவிடுவேன் என்று நினைத்தாராம்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த டீ கிளாஸை வைத்த வேகத்துக்கு அது உடையாமல் போனது ஆச்சரியம். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே குழந்தையின் ஒரே கையை ஆளுக்கொரு நேரத்தில் பிரித்துப் பார்த்து, ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம். எங்கள் வீட்டில் பேசாமல் இருப்பதைத்தான் பொறுமை என்று பாராட்டுவார்கள்.

பிஸ்கட்டைப் பார்க்காத தெரபிஸ்ட்

பெரியாஸ்பத்திரியில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே அலைந்தோம். ஆளுக்கு ஒரு பக்கம் கையைக் காட்டினார்கள். கடைசியில் சுவரில் யானையும் கிளியும் வரைந்த ஒரு அறை. தரையில் ரப்பர் விரிப்பு. ரெஜினா என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இருந்தார். வள்ளியைத் தரையில் விட்டார், தானும் தரையில் உட்கார்ந்தார். வள்ளி எடுக்கட்டும் என்று நடுவில் ஒரு பிஸ்கட்டை வைத்தார், ஆனால் அதை அவர் பார்க்கவே இல்லை. வள்ளியின் தோளையும் முழங்காலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நிறுத்திப் பிடித்தபோது வலது காலின் குதிகால் தரையில் பதியாமல் இருந்ததை அவர் காட்டிய பிறகுதான் நாங்கள் பார்த்தோம். கையையே பார்த்துக் காலைக் கவனிக்காமல் இருந்திருக்கிறோம்.

மாமியார் சொன்ன நொட்டாங்கைக் கதையைச் சொன்னேன். ரெஜினா இல்லை என்று தலையை ஆட்டினார்.

“ஒரு வயசுக்குள்ள குழந்தைக்கு நொட்டாங்கை, சோத்தாங்கைன்னு பழக்கம் வராதும்மா. ரெண்டு கையையும் ஒண்ணுபோலத்தான் நீட்டும். எப்பவும் ஒரே கையத்தான் நீட்டுதுன்னா, மத்தக் கைக்கு என்ன ஆச்சுன்னு பாக்கணும்.”

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு எட்டு மாதம் ஆகியிருக்கிறது. பிரசவ வார்டில் ஒருவர் சொல்லியிருக்கலாம். ஊசி போட்ட ஒவ்வொரு தடவையும் யாராவது சொல்லியிருக்கலாம். கழுத்து நின்றதா, குரல் வரும் பக்கம் திரும்புகிறாளா, முகம் பார்த்துச் சிரிக்கிறாளா, இரண்டு கையும் வருகிறதா என்று கேட்க மருந்து வேண்டாம், மெஷின் வேண்டாம். கேட்டால் போதும்.

பெரிய டாக்டர் பார்த்தார். ஸ்கேன் எடுத்தார்கள். அவளுக்கு மயக்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனபோது இவர் என் தோளைப் பிடித்தாரா, நான் அவர் தோளைப் பிடித்தேனா என்று நினைவில்லை. வள்ளி வயிற்றுக்குள் இருந்தபோதோ பிறந்த சமயத்திலோ மூளையின் இடப்பக்கத்தில் ஒரு சின்ன இடத்துக்கு ரத்தம் போகாமல் நின்றிருக்கிறது. அந்தப் பக்கம்தான் வலது கையையும் காலையும் நடத்துகிறது. இது யாருடைய தப்பும் இல்லை என்று டாக்டர் சொன்னார். அழுத்திச் சொன்னார்.

யாருடைய தப்பும் இல்லை என்பதை எங்கள் சொந்தக்காரர்களால் தாங்க முடியவில்லை. கிரகணத்தன்று இவள் வெளியே போனாள் என்றார்கள். மாசமாக இருக்கும்போது கடையில் ஏணி ஏறினாள் என்றார்கள். இவருடைய அக்கா, என் மதினி, இதையெல்லாம் வெளியே சொல்ல வேண்டாம், பெண் பிள்ளை, நாளைக்கு நமக்குத்தான் கஷ்டம் என்றார். எட்டு மாதக் குழந்தைக்கு அவர் அப்போதே மாப்பிள்ளை தேட ஆரம்பித்துவிட்டார்.

கையுறை

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

பயிற்சி ஆரம்பித்துச் சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒருநாள் மாமியாரும் கூட வந்தார். ரெஜினா மெத்தென்ற துணியில் தைத்த ஒரு கையுறையை எடுத்து, வள்ளியின் இடது கையில் மாட்டினார். நல்ல கையில். இனி தினமும் கொஞ்ச நேரம் இதை மாட்டிவிட்டு, வலது கையோடு விளையாட வேண்டும் என்றார்.

என் மாமியார் எழுந்து நின்றார். “இதத்தான நானும் செஞ்சேன்? என்னைய மட்டும் கொலைகாரி மாதிரி பாத்தாளே” என்றார், எல்லோருக்கும் முன்னால்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. வாயைத் திறப்பதற்குள் ரெஜினா குறுக்கே வந்தார். மாமியாரைக் கையைப் பிடித்து விரிப்பில் உட்கார வைத்தார். அந்தக் கையுறையை அவர் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். கட்டிப் போடுவதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நிதானமாகச் சொன்னார். அவள் அழுதால் கழற்றிவிட வேண்டும். அவள் கையைத் தாங்கிப் பிடித்து நாம் உதவ வேண்டும். விரல் கொஞ்சம் அசைந்தாலும் கொண்டாட வேண்டும்.

“அந்தக் கையும் வேலை செய்யணும்னு உங்களுக்குத் தோணுனது சரிதாம்மா. ஏன் செய்யலன்னுதான் நீங்க பாக்கல” என்றார்.

மாமியார் இன்றுவரை என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் கையுறை மாட்டிய நேரமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவர்தான். நான் கடையில் இருக்கும்போது, எனக்கே பொறுமை போன நாட்களில், அவர்தான் மாவு உருண்டை, ஈரத்துணி, கிலுக்கு என்று எதையாவது அந்த விரல்களுக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் கடையிலிருந்து வந்தபோது வள்ளியின் முகம், கழுத்து, சட்டை எல்லாம் கருப்பட்டி. வலது முழங்கை வரை வழிந்து, எறும்பு வந்திருந்தது. “வாய்க்குக் கொண்டு போயிட்டா. அதே கையால” என்றார் மாமியார். குளிப்பாட்ட விடவில்லை. இவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து பார்க்கட்டும் என்று எறும்பைத் தட்டிக்கொண்டே அப்படியே வைத்திருந்தார்.

“அப்படியா”

வள்ளி நடந்தாள். தாமதமாக நடந்தாள், காலுக்குச் செய்த பிளாஸ்டிக் பட்டையோடு நடந்தாள், ஆனால் நடந்தாள். அந்தச் சமயத்தில் ஒரு காய்ச்சலுக்கு, வேறு வழியில்லாமல், பழைய குழந்தை டாக்டரிடமே போனோம். அதே மீன் தொட்டி.

காலில் இருந்த பட்டையை அவர் பார்த்தார். கையைப் பார்த்தார். முகம் மாறியது. எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள், “இதையெல்லாம் சீக்கிரமே கொண்டுவந்து காட்டணும்மா. அம்மாவே இவ்வளவு அசட்டையா இருந்தா எப்படி?” என்றார்.

நான் மெதுவாகத்தான் பேசினேன்.

“உங்ககிட்டதான் சார் காட்டினேன். இதே நாற்காலியில உக்காந்து காட்டினேன். முதல் குழந்தையான்னு கேட்டீங்க.”

அவர் என்னைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் இல்லை. எத்தனையோ அம்மாக்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார்கள். “அப்படியா” என்றார். பிறகு காய்ச்சலுக்கு மருந்து எழுதினார்.

என் மகளின் அத்தனை மாதங்களும் அந்த ஒரு வார்த்தைக்குள் போய்விட்டன. அப்போதே பார்த்திருந்தால் கை முழுக்கச் சரியாகியிருக்குமா என்றால், இல்லை என்றுதான் ரெஜினாவும் சொல்வார். இன்னும் கொஞ்சம் விரிந்திருக்கலாம், இன்னும் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கலாம். அந்தக் கொஞ்சம் அவளுக்குச் சேர வேண்டியது. அதை எடுத்துக்கொள்ள யாருக்கு உரிமை?

வள்ளி இப்போது நன்றாக இருக்கிறாள். இடது கையால் எழுதுகிறாள், வலது கை நோட்டை நகராமல் பிடித்துக்கொள்ளும். சட்டைப் பொத்தான் போட நேரமாகும், தலை பின்ன நான் வேண்டும். கல்யாண வீட்டில் யாரோ ஐயோ பாவம் என்றபோது, “பாவம்லாம் இல்ல, கை கொஞ்சம் மெதுவா வரும், அவ்வளவுதான்” என்று சொல்லிவிட்டுப் பாயாசம் கேட்டாள்.

வேம்பாரில் ஒரு காதுகுத்து

இதை எழுத வைத்தது சமீபத்தில் நடந்த ஒரு விஷயம்.

வேம்பாரில் இவருடைய சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பத்து மாதப் பையன். தாய்மாமன் மடியில் உட்கார வைக்கத் தூக்கினார்கள். அவன் உட்காரவில்லை. உடம்பு பலகைபோல் விறைத்தது. இரண்டு காலும் கத்தரிக்கோல்போல ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக ஏறிக்கொண்டன. பந்தல் முழுக்கச் சிரிப்பு. “பய வெறச்சுக்கிட்டு நிக்கான் பாரு, போலீஸ்காரனாத்தான் வருவான்” என்றார் ஒருவர்.

நான் சிரிக்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு பையனின் அப்பத்தாவிடம் போய், குழந்தை உட்காருகிறானா, கால் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். ஒரு தடவை ஆஸ்பத்திரியில் காட்டிவிடலாம் என்றேன். அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நல்ல நாளும் அதுவுமா என்ன பேச்சு பேசுதீய. உங்க வீட்டுல அப்படின்னா எல்லார் வீட்டுலயும் அப்படியா இருக்கும்?” என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

வலித்தது. ஆனால் வாயை மூடிக்கொள்ளவில்லை. பெரியாஸ்பத்திரியில் எந்த அறை, என்ன நேரம், யாரைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கே சொல்லிவிட்டு வந்தேன்.

வண்டியில் ஏறப் போகும்போது பையனின் அம்மா மாரீஸ்வரி பின்னால் ஓடி வந்தாள். பட்டுச் சேலை, முகத்தில் இன்னும் கல்யாணக்களை போகாத பிள்ளை. மூச்சு வாங்கியது.

“அக்கா, எனக்கும் தோணிக்கிட்டேதான் இருக்கு. சொன்னா ஏசுதாங்க. எனக்கு மட்டுந்தான் அப்படித் தெரியுதோன்னு நெனச்சேன்.”

திங்கட்கிழமை காலை வா, நான் எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் என்றேன். அதற்குள் உள்ளே யாரோ கூப்பிட்டார்கள், ஓடிவிட்டாள்.

திங்கட்கிழமை நான் போய் நின்றேன். ஒரு பஸ் வந்து போனது, அதில் அவள் இல்லை. வெயில் ஏறியது. அடுத்த வேம்பார் பஸ் வந்து, கருவாட்டுக் கூடைகள் எல்லாம் இறங்கி முடிந்த பிறகு, மாரீஸ்வரி இறங்கினாள். கையில் குழந்தை இல்லை.

அவளுக்குப் பின்னால், படியில் ஒவ்வொரு காலாக வைத்து, பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த அப்பத்தா இறங்கினார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பையனின் காலைத் தன் முந்தானையால் மூடிக்கொண்டு கேட்டார்.

“ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்?”